இரண்டு ஆம்ப், ஒரு கிடார்

உன் ஆம்ப்ளிஃபயரை, நம் பாஷையில் ஆம்ப்பை, இன்று காலையில் போட்டேன். சூடேறியதும் ஏலக்காய் வாசம் வந்துவிட்டது. போடியில் உன் கடைக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே இத்தனை வருஷம் இருந்த பெட்டியல்லவா, அதன் மரம், துணி, ஸ்பீக்கர் காகிதம் எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிக் கிடக்கிறது. "பாயசம் வைக்கப் போறியா, பாட்டு வாசிக்கப் போறியா மாப்ள?" என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீயும் சளைக்காமல், "ஒன் ஆம்ப்புல யூரியா வாசம்ல அடிக்குது, அதுக்கு இது தேவல" என்பாய். உரக்கடைக்காரனான எனக்கு அந்த அடி போதும். இன்று கேலி வாய் வரைக்கும் வந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

உன் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை நல்ல பையன். உனக்குப் பிடித்திருக்கும், ஒன்றைத் தவிர. இசை என்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. நாலே கம்பி உள்ள பேஸ் கிடாரைக் காட்டி, "இதுல ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?" என்று கேட்டான். மாமனார் இருந்திருந்தால் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பார் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

நாம் இருவரும் பேஸ் வாசிக்கிறவர்களாகப் போனதுதான் நம் சிக்கல். ஒரு கச்சேரிக் குழுவில் பாடுகிறவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம், தாளத்துக்கு மூன்று பேர் இருக்கலாம், பேஸ் கிடாருக்கு ஒருவர் போதும். நீ போடிக் குழு, நான் சின்னமனூர்க் குழு. திருவிழாச் சீசனில் நீ கம்பத்தில் வாசித்தால் நான் ஆண்டிபட்டியில் இருப்பேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் நாம் ஒரே மேடையில் ஏறியதே கிடையாது.

பழக்கமானதும் ஒரு விபத்தால்தான். வீரபாண்டித் திருவிழாவில் எங்கள் கச்சேரி தொடங்கப் போகிற நேரத்தில் என் ஆம்ப் புகை விட்டுச் செத்துப்போனது. நான் தலையில் கை வைத்து நிற்கிறேன். கூட்டத்துக்குள் இருந்து ஒருவன் பெரிய பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "போடிக் குழு நானு. மத்தியானம் ஒரு கல்யாணத்துல வாசிச்சிட்டு வேடிக்க பாக்க வந்தேன். பொட்டி வேன்லதான் கெடந்துச்சு, வச்சுக்க" என்றான். எங்கள் குழுத் தலைவர் என் காதில், "எதிரிப்பய குடுக்குறது, வெடிக்காம இருக்கணும்டா" என்றார். உனக்கும் அது கேட்டுவிட்டது. சிரித்தாய். ஆனால் பெட்டியை உடனே மாட்டவில்லை. சட்டைப்பையில் இருந்து பிளக் மாதிரி ஒன்றை எடுத்து மேடைச் சாக்கெட்டில் சொருகி, அதில் எரிந்த குட்டி விளக்குகளைக் குனிந்து பார்த்தாய். சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் அது. கச்சேரிக்கு வருகிறவன் சட்டைப்பையில் பீடி வைத்திருப்பான், சீப்பு வைத்திருப்பான். டெஸ்டர் வைத்திருந்தவன் நீ ஒருத்தன்தான்.

அதற்குப் பிறகு கச்சேரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் நமக்குத்தான். ஏலக்காய் ஏற்றுகிற மினி வேனில் ஆம்ப்பையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தேவாரம் ஊர் வழியாக என் வீட்டு மாடிக்கு வந்துவிடுவாய். உன் ஆம்ப்பில் பெரிய ஸ்பீக்கர், அடிவயிற்றில் இருந்து பேசும். என்னுடையதில் சின்ன ஸ்பீக்கர்கள், ஒவ்வொரு சுரமும் சுத்தமாகக் கேட்கும். இரண்டையும் சேர்த்து ஒரே கிடாருக்கு வைத்தால் எப்படி இருக்கும் என்ற கிறுக்கு யாருக்கு முதலில் வந்தது? எனக்குத்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் மறுக்க யாரும் இல்லை, அதனால் இப்போது சொல்கிறேன், உனக்குத்தான்.

இரண்டையும் சேர்த்து மாட்டியதும் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழுந்தது. வாசிக்காமல் சும்மா நின்றாலும் அது மட்டும் நிற்கவில்லை. நம் பக்கத்து மேடைகளில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ஒரு ஆம்ப்பின் பிளக்கில் தடியாக இருக்கிற எர்த் பின்னை ஒடித்து எறிந்துவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும். நானும் குறடை எடுத்தேன். நீ அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாய். கீழே யார் தலையிலும் விழாதது என் நல்ல நேரம்.

"ஏலே, எர்த்த ஒடிச்சா சத்தம் போகும். சத்தத்தோட சேந்து நீயும் போவ. ஒன் பொண்டாட்டிகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

அன்றைக்கு உன் கோபத்தைப் பார்த்து எனக்கும் கோபம் வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து விளக்கினாய். இரண்டு ஆம்ப்பும் கேபிள் வழியாகக் கிடாரின் கம்பியோடு தொடர்பில் இருக்கின்றன. ஒன்றில் உள்ளே எங்கேயாவது கரண்ட் கசிந்தால் அது எர்த் வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும். அந்த வழியை ஒடித்துப் போட்டால் கரண்ட் கிடாரின் கம்பிக்கு வந்து காத்திருக்கும். கம்பியைப் பிடித்திருக்கிற கையோடு இன்னொரு ஆம்ப்பையோ மைக்கையோ தொட்டால் அதோடு கதை முடிந்தது. "எரைச்சல் நம்ம எதிரி இல்ல மாப்ள. அது ரெண்டு ஆம்ப்பும் தரைக்கு ரெண்டு வழியில போறதால வர்ற சண்ட. சண்டைய வெலக்கி விடணும், ஆளக் கொல்லக் கூடாது" என்றாய்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது அந்தச் சின்ன இரும்புப் பெட்டியை வாங்கி வந்தாய். கிடாரில் இருந்து வருகிறதை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆம்ப்புக்கும் கொடுக்கும் ஸ்பிளிட்டர். உள்ளே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்து சண்டையை விலக்கிவிடும். எர்த் பின் இரண்டும் பத்திரமாக இருந்தன, இரைச்சலும் போய்விட்டது. இரண்டு ஆம்ப்பையும் எர்த் உள்ள ஒரே சாக்கெட்டில் இருந்து, ஒரே போர்டில் மாட்ட வேண்டும் என்பது உன் சட்டம். ஒன்றின் ஸ்பீக்கர் அவுட்டை இன்னொன்றின் ஸ்பீக்கர் அவுட்டோடு எந்தக் காலத்திலும் சேர்க்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். "சேத்தா ரெண்டுக்கும் ஒரே நாள்ல கருமாதி" என்பாய்.

அந்தப் பெட்டியில் ஒரு சின்ன சுவிட்சும் இருந்தது. அதுதான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. அது தப்பான பக்கம் இருந்தால் ஓர் ஆம்ப்பின் ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுகிற மாதிரி, இரண்டு ஆம்ப்பும் முழுமூச்சாக உழைத்தும் அடிச்சத்தம் காணாமல் போகும். கொடுமை என்னவென்றால், ஆம்ப்புக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறவனுக்கு அது சரியாகத் தெரியாது. தள்ளி நின்று கேட்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால் நான் வாசிப்பேன். நீ அறையின் அந்தக் கோடிக்குப் போய் வாசல் நிலையில் சாய்ந்து நிற்பாய். சரியில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவாய். சரியாக வந்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாய், உள்ளங்கையை நெஞ்சில் வைப்பாய். அவ்வளவுதான். பிறகும் உடனே வரமாட்டாய், அங்கேயே நிற்பாய். "வாடா, அடுத்து நீ வாசி" என்று நான் கத்துவேன். "இரு இரு" என்பாய். உன் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பாள்.

போன மழைக்காலத்தில் ஏலக்காய்க் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். எர்த், டெஸ்டர் என்று ஊருக்கெல்லாம் உயிரைக் காப்பாற்றச் சொன்னவன், நெஞ்சு வலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லி ஒரு சோடா குடித்தாயாம். உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பிறகு ஒருநாள் உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், ஆம்ப்பை எடுத்துப் போகச் சொன்னாள். "அங்கன கெடந்து எலி கடிக்கிறதுக்கு ஒங்ககிட்ட இருக்கட்டும்ண்ணே. அவுக ஒண்ணும் நெனைக்க மாட்டாக" என்றாள். உன் டெஸ்டர், ஸ்பிளிட்டரோடு கொண்டுவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். போடவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் அதன்மேல் துணி உலர்த்தினோம். கல்யாணம் நிச்சயமானதும் உன் மகள் வந்து நின்றாள்.

"மாமா, வரவேற்புல நீங்க வாசிக்கணும். அப்பா ஆம்ப்பும் ஒங்க ஆம்ப்பும் சேந்து. படியில ஒக்காந்து கேப்பேன்ல, அந்தச் சத்தம் எனக்கு வேணும். வேற எதுவும் நீங்க செய்ய வேணாம்."

நகை கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது செய்திருப்பேன். இவள் கேட்டது உன்னை. எங்கே போய் வாங்குவேன்?

வரவேற்பு அன்று மத்தியானமே மண்டபத்துக்குப் போய்விட்டேன். மேடை அமைக்கிற பையன் உன் ஆம்ப்பை ஒரு ஓரச் சாக்கெட்டிலும் என்னுடையதை மறு ஓரத்திலும் மாட்டி வைத்திருந்தான். ம்ம்ம்ம். நான் வாயைத் திறப்பதற்குள், "ஒரு நிமிசம்ண்ணே, இந்தப் பின்ன ஒடிச்சிருவோம்" என்று குறடோடு குனிந்தான். நான் போட்ட கத்தலில் பந்தலில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெஸ்டரைச் சொருகினேன். மேடைச் சாக்கெட் ஒன்றிலும் எர்த் இல்லை, இந்தத் தடவை இரைச்சலே அதனால்தான். மண்டப மேனேஜர், "எத்தன கச்சேரி நடந்த மேட சார் இது, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எர்த் இல்லாம வாசிக்க மாட்டேன். எங்கனயாச்சும் ஒரு சாக்கெட்டு காட்டுங்க, இல்லாட்டி நான் பந்தியில போயி எல போடுறேன்" என்றேன். கடைசியில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒன்று கிடைத்தது. விளக்குகள் சரியாக எரிந்தன. அங்கிருந்து தடித்த வயர் இழுத்து ஒரே போர்டில் இரண்டு ஆம்ப்பையும் மாட்டி, ஸ்பிளிட்டரை வைத்தேன். இரைச்சல் அடங்கியது.

வாசித்தேன். எனக்கு என்னவோ சந்தேகமாக இருந்தது. கீபோர்டு பையனைக் கேட்டால், "சூப்பரா இருக்குண்ணே" என்றான். மேனேஜரைக் கேட்டால், சத்தம் கூடுதல் என்றார். தள்ளி நின்று கேட்டுச் சொல்ல, உதட்டைப் பிதுக்க, அந்தப் பெரிய மண்டபத்தில் ஓர் ஆள் இல்லை. வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அப்படி ஒரு தனிமையை உன்னைப் புதைத்த அன்றுகூட நான் உணரவில்லைடா. அன்றைக்கு ஊரே கூட நின்றது.

பையில் இருந்து நீளமான கேபிளை எடுத்து மாட்டினேன். கிடாரோடு மேடையில் இருந்து இறங்கி, வாசித்துக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தேன். பின்வாசல் தூண் வரைக்கும் கேபிள் வந்தது. அங்கே சாய்ந்து நின்று கேட்டேன். அடிச்சத்தமே இல்லை, தகரம் மாதிரி இருந்தது. பாதி அலங்காரத்தோடு மேடைப் பக்கம் எட்டிப் பார்த்த உன் மகளைக் கூப்பிட்டு, "அந்த இரும்புப் பொட்டியில இருக்க சுவிட்ச மாத்திப் போடு ஆத்தா" என்றேன். போட்டாள்.

வந்தது. தரையில் இருந்து காலுக்கு, காலில் இருந்து நெஞ்சுக்கு. அவள் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதான் மாமா, இதான்" என்றாள்.

நான் இத்தனை வருஷமும் ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே நின்றவன். என் வாசிப்பு தள்ளி நின்றால் இப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. நீ ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். கூப்பிட்டால் வராமல் "இரு இரு" என்றது இதற்குத்தான். ஒருநாளாவது நன்றாக வாசித்தாய் என்று வாயைத் திறந்து சொன்னாயா, படுபாவி? கையை மட்டும் நெஞ்சில் வைத்தாய்.

அந்தக் கேபிளை இப்போது எல்லாக் கச்சேரிக்கும் கொண்டுபோகிறேன். டெஸ்டர் என் சட்டைப்பையில் இருக்கிறது. இரண்டு பிளக்கிலும் எர்த் பின் முழுசாக இருக்கிறது, கவலைப்படாதே. கச்சேரிக்கு முன்னால் கிடாரோடு இறங்கி, கடைசி வரிசைக்கு நடந்து போய், நீ நிற்கிற மாதிரி நின்று கேட்கிறேன். சரியாக வந்ததும் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. மேடையைப் பார்க்கிறேன். அங்கே இரண்டு ஆம்ப்தான் நிற்கின்றன. வாசிக்கிறவன் இங்கே, உன் இடத்தில் நிற்கிறான்.