ரேவதி வண்டியின் ஃபில்டர் பொறுப்பு

டிச. 24, புதன்

பனி. கோயில் ஸ்பீக்கர் நாலரைக்கே ஆரம்பித்துவிட்டது, நானும் எழுந்துவிட்டேன். மழை விட்டுப் பத்து நாள். சோழபுரம் தரிசில் புழுதி திரும்பிவிட்டது என்கிறாள் ரேவதி. ஞாயிறு அங்கேதான் மண்ணில் பைக் ரேஸ். மொத்தம் ஒன்பது வண்டி. பெண் என்று இவள் ஒருத்திதான். ராஜபாளையத்தில் பி.டி. டீச்சர், வயது முப்பத்திநாலு, என் மனைவி. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

வண்டியில் எனக்கு ஒரே வேலை: ஏர் ஃபில்டர். மற்றதைத் தொட விடமாட்டாள். சரிதான், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவனுக்கு இன்ஜினில் என்ன வேலை? ஆனால் ஃபில்டர் வேறு. அது ஒரு ஸ்பாஞ்ச். புழுதியைத் தான் வாங்கிக்கொண்டு இன்ஜினுக்குக் காற்றை மட்டும் விடும். கையால் தெரிந்துகொள்ள வேண்டிய பொருள். கை என்றால் நான்.

இன்று கடை லீவு. மத்தியானம் செய்தது:
– சீட்டைக் கழற்றி ஃபில்டரை எடுத்தேன்.
– பாத்திர சோப்புத் தண்ணீரில் மூன்று அலசு. முறுக்கவில்லை, அமுக்கித்தான் பிழிந்தேன்.
– வெயில் படாமல் காயப் போட்டேன்.
– எண்ணெய்.

எண்ணெயில்தான் சிக்கல். அது இருந்தால்தான் புழுதி ஒட்டும். ஃபில்டர் ஆயில் டப்பாவில் ஒரு சொட்டு இல்லை. போன வாரமே தீர்ந்தது, அவளிடம் சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பதும் பொய், திட்டுவாள் என்று சொல்லவில்லை. பாத்ரூமில் தேங்காய் எண்ணெய் இருந்தது. வெயிலுக்குத் தண்ணீர் மாதிரி ஓடியது. தாராளமாக ஊற்றிப் பிசைந்து மாட்டிவிட்டேன். வாசனை பிரமாதம்.

சுந்தரபாண்டியத்திலிருந்து மாமியார் வந்திருக்கிறார். நான் ஃபில்டர் கழுவுவதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “அவதான் கோட்டி புடிச்சு அலையுதான்னா, நீங்களுமா மாப்ள?”

நானும்தான் அத்தை.

டிச. 26, வெள்ளி

கடுங்குளிர். இரண்டு சட்டை போட்டுக்கொண்டேன். காலை ஆறரை, சோழபுரம், ரேவதிக்குப் பயிற்சி. பத்து உதைக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இருமிக்கொண்டே நின்றது. மறுபடி உதை, மறுபடி இருமல். மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்: “இன்ஜின எறக்கிப் பாத்தாத்தான் தெரியும் டீச்சர். ஞாயித்துக்கெழமய மறந்துருங்க.”

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக விடியலில் எழுந்து பழகியவள். அப்போதுதான் காலையில் செய்தது ஞாபகம் வந்தது. தலைக்கு வைக்க, கட்டியாகிக் கிடந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கினேன். அப்போதுகூட மண்டையில் ஏறவில்லை.

“ரேவதி, ஃபில்டரப் பாரு.”

கழற்றினாள். ஸ்பாஞ்ச் முழுக்க வெள்ளை வெளேர் என்று மெழுகு மாதிரி அடைத்துக் கிடந்தது.

“என்னது இது?”

“தேங்கா எண்ண.”

“எந்த எண்ண?”

“பாத்ரூம்ல இருந்தது.”

ஃபில்டர் இல்லாமலே ஓர் உதை உதைத்தாள். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. உடனே அணைத்தாள். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, குறை முழுக்க என்னிடம்.

“ஆயில் தீந்துட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துரும்? இனி ஃபில்டர நானே பாத்துக்கிடுதேன். நீங்க தொட வேண்டாம்.”

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஸ்பாஞ்சில் பசை போட்டு ஒட்டிய இடமும் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. புதுசுதான் போட வேண்டும். மதுரைக் கடையில் சொல்லியாயிற்று. நாளை பஸ் பார்சலில் ஃபில்டரும் ஆயிலும் வரும்.

ராத்திரி சாப்பாட்டில் அத்தை மட்டும் வடகம் கேட்டார்.

டிச. 27, சனி

கடையில் பண்டிகைக் கூட்டம். அரை நாள் லீவு கேட்டேன்.

“எதுக்குய்யா?”

“ரேஸ் வண்டி வேல, மொதலாளி.”

“ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாய்யா?”

“தெரியாது. வீட்டுல ஓட்டுவாங்க.”

கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். லீவும் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டில் பார்சலை வாங்கி வீட்டில் கொடுத்தேன். சாயங்காலம் அவளே எண்ணெய் தடவி, விளிம்பில் கிரீஸ் போட்டு, ஃபில்டரைப் பொருத்தி ஸ்க்ரூவை முறுக்கினாள். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை. “முடிஞ்சிட்டு” என்றாள். கை சும்மா இருக்கவில்லை, உள்ளே விட்டுத் தடவிவிட்டேன்.

“அடியில விளிம்பு மடிஞ்சிருக்கு.”

“தொடாதீங்கன்னேன்லா. நல்லாத்தான் இருக்கு.”

“கழட்டிப் பாரு.”

கழற்றினாள். மடிந்துதான் இருந்தது, நூல் கனத்துக்கு. நாளைக்குப் புழுதியெல்லாம் அந்த வழியாக நேரே இன்ஜினுக்குள் போயிருக்கும். பட்டுச் சேலையில் ஒற்றை இழை இழுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற விரல் இது. பதினாறு வருஷ சர்வீஸ்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரியாகப் பொருத்திவிட்டுக் கை கழுவப் போனாள்.

டிச. 28, ஞாயிறு

வெயில். புழுதி என்றால் அப்படி ஒரு புழுதி. முன்னால் போகிற வண்டி பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லை. செத்த நேரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்ற அத்தை கடைசிச் சுற்றில், “ஏட்டி, விடாத! அவன விடாத!” என்று தொண்டை கட்டக் கத்தினார்.

மூன்றாவது. ஒன்பதில் மூன்றாவது! ஆறு ஆண்கள் அவளுக்குப் பின்னால். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று சொல்லிக்கொண்டேன்.

வண்டி நின்றதும் ஃபில்டரைக் கழற்றினாள். செக்கச் செவேல் என்று இருந்தது. கடையிலிருந்து கொண்டுபோன வெள்ளை மல் துணியை விரலில் சுற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் குழாய்க்குள் விட்டுத் துடைத்தேன். துணி அப்படியே வெள்ளை. ஒரு பொட்டு மண் இல்லை. கேட்காத நாலு பேரிடம் காட்டினேன்.

மூன்றாம் பரிசுக் கோப்பையைக் கொண்டுபோய் அவள் அம்மா கையில் கொடுத்தாள். ஃபில்டரை என் கையில் கொடுத்தாள். “இந்தாங்க, ஒங்க வேல.”

சோப்புத் தண்ணீரில் ஊறுகிறது. ஃபில்டர் ஆயில் முக்கால் டப்பா இருக்கிறது. அவளிடம் சொல்லிவிட்டேன்.