குருவிக்கு விட்ட தலைவாசல்

நகரி
கார்த்திகை மாதம்

அன்பு மகள் பவ்யாவுக்கு அம்மா தேவசேனா எழுதுவது. இங்கே உன் நைனா, தங்கச்சி காவ்யா, நான், கொட்டகையில் ஓடுகிற ரெண்டு தறி எல்லோரும் சௌக்கியம். அந்தக் கனடாப் பனியில் நீயும் யோகேஷும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே உன் நைனா தறியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார், அதனால்தான் கடிதம்.

உன் ஜன்னலில் சூரியகாந்தி விதை தின்னும் மஞ்சள் குருவி போட்டோவைப் பார்த்தேன், அம்மாடி, பாக்குவெட்டி மாதிரி என்ன மூக்கு! உன் முகத்தைக் காட்டினால் திரும்பிக்கொள்கிற மனுஷன் அதை மட்டும் கேட்டு வாங்கி, விரலால் பெரிசாக்கிப் பார்த்தார், நம்ம ஊரு சில்லைக் குருவிக்கு இது பெரியப்பா முறை ஆவும் போலக்குது என்றார். நீயாக யோகேஷைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, இந்த வாசப்படியில் கால் வைக்காதே என்று சொன்னவர், அதற்குப் பிறகு உன் வீட்டு விஷயம் எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இங்கே நடந்த கூத்தைக் கேள். அறுப்பு முடிந்ததும் வழக்கம்போல நைனா நெற்கதிர் வாங்கிவந்து குச்சாகப் பின்னி, குருவிகள் கொத்தட்டும் என்று தலைவாசலுக்கு மேலே தொங்கவிட்டார். அப்புறம் சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம்போலத் தங்கிவிட்டோம். திரும்பி வந்தால், கிரில் கதவின் மேல் சுற்றிக்கிடக்கிற காகிதப்பூக் கொடியில் ஒரு சில்லை ஜோடி புல்லால் பந்துபோலக் கூடு கட்டி வைத்திருக்கிறது, நடுவில் நம்ம தறிக்கழிவுச் சிவப்பு நூல் வேறு. நைனா சாவி போட்டுக் கதவை இழுத்தார், கொடி ஆடியது, தாய்க்குருவி பறந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று முட்டைகள். சாவியை உருவி மடியில் சொருகிக்கொண்டு, எல்லாரும் பின்னால தறிக் கொட்டகை வழியா வாங்க, குஞ்சு பறக்கறவரைக்கும் இதான் வாசல் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா நாராயணவனத்திலிருந்து பையன் வீட்டார் காவ்யாவுக்கு நிச்சயம் பேச வரவேண்டும்! பூவும் பழமும் கொண்டுவருகிறவர்களைப் பின்வாசலில் கூப்பிடுவார்களா? நைனா தெருவிலேயே நின்று, தப்பா நெனச்சிக்காதீங்க, தலைவாசல்ல குருவி அடை காத்துக்கினு இருக்குது, இப்படிக்கா வாங்க என்றார். பையன் அருள்குமாரின் அம்மா அம்சவேணி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து, நூல் மூட்டைகளைத் தாண்டி வந்தார்கள், முகமே சரியில்லை. காப்பி குடித்த பிறகு ஜன்னல் வழியாகக் கூட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நைனாவிடம், இந்த ஊட்ல பொண்ணு எடுக்கறது எங்களுக்குச் சந்தோசம்ணா, மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு எப்ப வருது என்று கேட்டார்கள். நைனா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் டம்ளர் எடுத்து நீ பார்த்திருக்கிறாயா? எப்படியோ தை மாதம் நாராயணவனம் கோயிலில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது, காவ்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன வாரம் குஞ்சுகள் பறந்துவிட்டன. நைனா கொடியைக் கத்தரித்தார், கதவுக்கு எண்ணெய் விட்டார், வாசப்படியைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம்கூட அவரே வைத்தார். காவ்யா ஆசையாக ஏறப் போனாள். கையை நீட்டி மறித்து, நீ பின்னால போ, பெரியவளும் மாப்பிள்ளையும் மொதல்ல வரட்டும் என்றார். மாப்பிள்ளை என்று யோகேஷை அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அவர் ஒன்றும் நடக்காததுபோலத் தறி ஓட்டப் போய்விட்டார்.

நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் திருச்சானூர்த் தாயார் பார்த்துக்கொள்வாள். கிளம்பும்போது அந்த மஞ்சள் குருவிக்கு விதை போடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வா. டிக்கெட்டைச் சீக்கிரம் போடு கண்ணு. நாங்கள் இன்னும் தறிக் கொட்டகை வழியாகத்தான் குனிந்து குனிந்து போய்வருகிறோம், எனக்கு இடுப்பு ஒடிகிறது.

உன் அம்மா
தேவசேனா