வெறும் வட்டம்

ஜூன் 3

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். கையெழுத்து கோணினால், ஒரு கை தொட்டிலில் இருக்கிறது என்று புரிந்துகொள்.

உன் நெடுநடைப் பாதை எங்கள் தெரு வழியாகவே போகும் என்று எழுதியிருந்தாய். இருபத்துமூன்று நாள் நடை, வழியெல்லாம் ஊர்கள், ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் கொடுக்கவும் வழி சொல்லவும் சில வீடுகள். படிக்கப் படிக்க எனக்குக் கால் பரபரத்தது. கல்லூரியில் எல்லா நடையிலும் கடைசியாக வந்து சேர்கிறேன் என்று நத்தைப் பட்டம் கட்டினாயே, இப்போதுதான் பொருந்தியிருக்கிறது. வீட்டைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் அணை வேலையில் இருக்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். பாப்பாவுக்குச் சளி. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை!

பாதையோர வீடுகளுக்கான உங்கள் படிவத்தைக் கேட்டில் செருகிவிட்டுப் போனார்கள். நாளைக்கு நிரப்பி அனுப்பிவிடுகிறேன். நீ எப்போது வருவாய்?

உன்,
நத்தை

ஜூன் 19

அடி நத்தை,

கள்ளி! வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. படிவங்களைப் புரட்டும்போது உன் வீட்டு எண் கண்ணில் பட்டது. 'பகலில் கதவைத் தட்டினால் திறப்பது யார்?' என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். எந்த அலுவலகம்? பாப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

போன செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உன் தெருவில்தான் இருந்தேன். நாலு பேராகத் தூரம் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தோம். உன் கேட்டருகே நின்று பார்த்தேன். கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள். ஆளில்லாத வீட்டைத் தட்டுவானேன் என்று எதிரே தையல்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். என் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, உனக்குத் துணி எடுத்தா கடைக்காரனுக்குத்தான் லாபம் போல!" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அடுத்த ஊரைப் பிடிக்க வேண்டியிருந்ததால் உனக்காகக் காத்திருக்க முடியவில்லை.

வரைபடத்தின் மாதிரி அச்சு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நிறைந்த வட்டம் என்றால் ஆள் இருக்கும் வீடு. வெறும் வட்டம் என்றால் இல்லாத வீடு. முப்பதாம் தேதி அச்சகத்துக்குப் போகிறது. அதன் பிறகு மாற்ற முடியாது. ஊருக்குப் பேர் தப்பாக இருந்தால் சொல்.

இப்படிக்கு,
ஒட்டகம்

ஜூன் 23

என் அன்பு ஒட்டகமே,

இதுவும் ராத்திரிக் கடிதம்தான்.

நான் எந்த வேலைக்கும் போகவில்லை. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். உங்கள் படிவம்தான், ஆனால் எத்தனை கை மாறுமோ? ஒருத்தி கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள் என்று நானே எழுதிக் கொடுப்பதா? 'யாரும் இல்லை' என்று போட்டேன். ஆளில்லாத வீட்டுக்குத்தான் திருடன் வருவான் என்பது மறுநாள்தான் உறைத்தது. சிரிக்காதே.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பாப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எதிரே யாரோ சிரிப்பது கேட்டது. ஒரு சிரிப்பு உன்னுடையது போலவே இருந்தது. எழுந்தால் இவள் விழித்துக்கொள்வாளே என்று அசையாமல் இருந்தேன். சிரிப்பு தெருமுனை வரை போய் அடங்கிவிட்டது. அன்று முழுக்க இன்னொரு மனுஷரிடம் நான் பேசியது, காலையில் பால்காரரிடம் சொன்ன "அரை லிட்டர்" மட்டும்தான்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். தையல்காரர் வீடு நிறைந்திருக்கிறது. என் வீடு வெறும் வட்டம். பென்சிலால் நிரப்பினேன். என்னிடம் இருக்கும் படியில் நிரப்பி என்ன பயன்?

நீ நிரப்பு. தண்ணீர் கொடுப்பேன், வழி சொல்வேன், கால் வலித்தால் உட்காரச் சொல்வேன். கேட்டுத் தாழ்ப்பாள் இறுகியிருக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும், அதையும் குறித்துக்கொள். பாப்பா தூங்கினாலும் பரவாயில்லை, நடந்து வருகிறவர்கள் தட்டட்டும். திறப்பது யார் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதிவிடு.

முப்பதாம் தேதிக்கு ஏழு நாள்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு.

உன்,
நத்தை