குட்டை ஏரியலில் கேட்டது

முள்ளியவளை,
18.01.1999

அன்புத் தம்பி வின்சனுக்கு,

அந்தக் குளிரிலும் நீ சுகமாயிருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடி அக்கா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் றேடியோவில் நீ சிநேகிதரோடு கதைப்பது எங்களுக்கும் கேட்க, ஏரியல் கட்டச் சொல்லி நோர்வேயிலிருந்து நீ அனுப்பிய படத்தை ஒரு கிழமையாகத் தலைகீழாகப் பிடித்திருந்தோம். நிலத்தில் பரப்பவேண்டிய எட்டுக் கம்பியையும் வேப்பமரத்தில் கட்டிவிட்டு, நிமிர்ந்து நிற்கவேண்டிய தடியைப் புதைக்க உன் அத்தான் கிடங்கு வெட்டினார். பக்கத்துக் கொட்டில் அமராவதி எட்டிப் பார்த்து, "ஆருக்கடி கிடங்கு?" என்று கேட்டாள்.

பிறகு சரியாகக் கட்டினோம். நீ எழுதியது உண்மைதான். முப்பத்தைந்து அடி வேண்டிய இடத்தில் பன்னிரண்டடித் தடி. நடுவில் குழாயில் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள் மிச்ச உயரத்தை ஈடுகட்டுகிறது. உயரமாகக் கட்டினால் மேலே பிளேனிலிருந்தும் பார்ப்பார்கள், கீழே இயக்கத்தாரும் பார்ப்பார்கள். பற்றரிக்கு வழியில்லை. அத்தான் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதிக்க, டைனமோவில் றேடியோ கதைக்கும்.

நேற்று ஞாயிறு, செபமாலை நேரம், உன் குரல் வந்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு! கோவிலில் பாடவிடாத அதே தொண்டை. தூத்துக்குடியிலிருந்து பேசிய உன் றேடியோச் சிநேகிதர், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லை. ஒரு அக்கா இருந்தவ, அவவும் செத்துப்போனா" என்றாய்.

அத்தான் மிதிப்பதை விட்டுவிட்டார். நீயும் நின்றுபோனாய். "மிதியுங்கோ மனுசன், நான் எப்பிடிச் செத்தனான் எண்டு கேப்பம்" என்றேன். அவர் திரும்ப மிதித்து வருவதற்குள் நீ பனியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாய். எதில் செத்தேன் தம்பி? பாம்புக்கடியோ, நெருப்புக்காய்ச்சலோ? கிடங்கு யாருக்கென்று அமராவதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மகள் பிறின்சிக்குப் பதினேழு முடிந்துவிட்டது. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் தரம் கேட்கமாட்டார்கள், கூட்டிக்கொண்டு போவார்கள். அவளை அங்கே கூப்பிடச் சொல்லி எழுதிய மூன்று கடிதத்துக்கும் நீ அனுப்பிய பதில் இந்த ஏரியல் படம்தான். பரவாயில்லை, அந்தச் சுருளின் அறுபத்திரண்டு சுற்றும் பிசகாமல் நானே சுற்றினேன்.

செத்த அக்காளின் பிள்ளையைக் கூப்பிடுவதுதான் உனக்குச் சுகமென்றால் நான் செத்தபடியே இருக்கிறேன். கோபமில்லை. இது கையில் கிடைத்த அடுத்த ஞாயிறு, எனக்கொரு மருமகள் இருக்கிறாள் என்று மட்டும் அந்தச் சிநேகிதரிடம் சொல்லு. அவள் தன் காதால் கேட்கட்டும்.

சுவாமியார் நாளைக்கு வவுனியா போகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மாதா உன்னையும் உன் நாக்கையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற உன் அக்கா,
மார்கிறட்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அமராவதியின் ஆடு நிலத்துக் கம்பிகளில் கால் மாட்டி இழுத்துக்கொண்டு ஓடியது. தடி முறிந்தது. சுருள் கிணற்றுக்குள் போய்விட்டது. இனிச் செப்புக் கம்பிக்கு வழியில்லாதபடியால் நீ சொல்வது எங்களுக்குக் கேட்காது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை.