பப்பாளி விதையும் வைரக் கல்லும்

பாய்,

நாலு நாளாகத் தார்ப்பாயில் காய்கிற மிளகை இன்று காலை அள்ளப் போனேன். ஓரத்தில் அணில் கொறித்துச் சிந்திய பப்பாளி விதைகள் மிளகோடு மிளகாகச் சுருங்கிக் காய்ந்து கிடந்தன. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "பாய் வந்திருக்கார்" என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது என்பதும் அவருக்குத் தெரியும், என் வாயும் தெரியும்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் மடல் எழுதுகிறாளே என்று பார்க்காதீர்கள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் தராசைவிட நேராக இருக்கும்.

உங்களுக்கு நினைவிருக்கும். என் மகள் தொட்டிலில் கிடந்த வருடம் அது. மேட்டுக்காட்டில் அப்போதுதான் சில்வர் ஓக் கன்று நட்டு, ஒவ்வொன்றின் காலடியிலும் மிளகுக்கொடி வைத்திருந்தோம். பழைய கொடிகளிலோ மழையில் பாதி உதிர்ந்துவிட்டது. மூட்டை நிரம்பவில்லை. பப்பாளி விதையைக் காயவைத்து நாலு கை போட்டுக் கலந்தேன். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மிளகு வாங்க நீங்கள் அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி அடிவாரத்திலிருந்து வந்து இறங்கினீர்கள். ஊரே மூட்டையோடு நின்றது. எப்போதும்போல ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டீர்கள், மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து அதில் போட்டீர்கள். மிளகு அடியில் போனது. என் களவாணித்தனம் மேலே மிதந்தது.

நீங்கள் மிதந்ததை வழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். கூட்டம் கலைந்தபிறகு என் பக்கம் குனிந்து சொன்னதுதான் பேச்சு:

"அம்மிணி, பப்பாளி விதைன்னு சொல்லிக் குடுத்தா நானே வாங்கிக்குவனுங்க. மிளகுன்னு சொல்லிக் குடுக்காதீங்க."

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து விதை பொறுக்கினேன். அதற்குப்பிறகு எத்தனை அறுப்பு வந்தாலும், நீங்கள் வந்து இறங்கியதும் முதல் கேள்வி, இந்த வருடம் பப்பாளி எப்படி என்பதுதான். உங்கள் தராசு முள் இப்படி நடுங்குகிறதே, இன்னும் காய்ச்சல் விடவில்லையா என்று நானும் கேட்பேன். ஒரு தடவைகூட நீங்கள் அந்த விதைக் கதையை வேறு யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் இப்போது வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேளுங்கள்.

அந்தத் தொட்டில் பிள்ளைக்கு இந்தத் தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை ராசிபுரத்தில் ஆபீஸ் வேலை. நம் மலையில் வெற்றிலை பாக்கு மாற்றினால் முடிந்தது. கீழ்நாட்டில் இப்போது மோதிரமும் மாற்றுகிறார்கள். அதையாவது மெதுவாகப் பேசியிருக்கலாம். என் அண்ணனை உங்களுக்குத் தெரியுமே, அவர் வாய் சும்மா இருக்குமா? அவர்கள் கேட்காமலேயே, எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு வைர மோதிரம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நாமக்கல் நகைக்கடைக்குப் போனோம். கடையில் இருந்த பெண் கறுப்புத் துணியில் இரண்டு கல்லை வைத்தாள். ஒன்று அசல், ஒன்று அமெரிக்கன் டைமண்டு என்கிற டூப்புக் கல். இரண்டும் ஒரே மாதிரி மினுக்கின. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதானே பாய்? குடிக்கக் கொடுத்த தண்ணீர் தம்ளரில் இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. "ரெண்டுமே நல்ல மிளகுங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்போது எது அசல் என்று அவளுக்கும் தெரியவில்லை. முதலாளி ஓடிவந்து, பேனா மாதிரி ஒரு மெஷினைக் கல்லில் வைத்து, அது கீச்சென்று கத்தியபிறகுதான் மூச்சுவிட்டார். வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சிரிப்பு விலையைக் கேட்டதும் நின்றது. அசல் வேண்டுமென்றால் மேட்டுக்காட்டு சில்வர் ஓக்கை வெட்டி விற்கவேண்டும். மரம் சாய்ந்தால் அதில் ஏறியிருக்கிற கொடியும் சாகும். "ஒரு கல்லு மினுக்கறதுக்காம்மா மரத்த வெட்டுவீங்க?" என்று மகள் பிடிவாதமாக நின்றாள். டூப்பையே வாங்கி வைரம் என்று சொல்லிவிடலாம், சபைக்கு மெஷினா எடுத்து வரப்போகிறார்கள் என்றார் அண்ணன். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தங்க மோதிரத்தில் டூப்புக் கல்லைப் பதித்து வாங்கி வந்தோம்.

நிச்சயத்தன்று தட்டில் மோதிரத்தை வைத்துச் சபையில் சுற்றிக் காட்டினார்கள். "வைர மோதிரம்" என்று அண்ணன் சத்தமாகச் சொன்னார். ஆளாளுக்குத் தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் வந்தது. அந்தம்மா கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, பாய், எனக்கு அந்தத் தம்ளர்தான் தெரிந்தது. மூடி மறைக்க அங்கே நீங்கள் இல்லை. நானே எழுந்துவிட்டேன்.

"அது வைரம் இல்லீங்க. மோதிரம் தங்கமுங்க, கல்லு டூப்புங்க. வைரம் வாங்கோணும்னா எங்க மிளகுக்கொடி ஏறின மரத்த வெட்டோணும். எனக்கு மனசு வரலீங்க."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மரமே பற்றிக்கொண்டிருக்கும். மகள் தலை நிமிரவில்லை. அவள் கை மட்டும் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மோதிரத்தைத் தட்டில் வைத்தார். சிரிப்பே இல்லை.

"இது டூப்பு. சரிங்க. வேற எதெல்லாம் டூப்புங்க?"

நியாயமான கேள்விதான். ஒரு வார்த்தை தப்பினால் பெண் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் என் வாய் என்னைக் கேட்டா பேசுகிறது?

"எங்கண்ணன் தலைமுடிக் கருப்பு மட்டுந்தானுங்க" என்றேன்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் பந்தல் முழுக்க. அண்ணன் கை தானாகத் தலைக்குப் போனதைப் பார்த்ததும் அந்தம்மாவும் அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுத்துவிட்டு, "வைரத்தப் போட்டு ரசம் வைக்க முடியுங்களா? மரம் நிக்கட்டுங்க. வருசா வருசம் மிளகு மட்டும் வந்துரோணும்" என்றார். அவரே தட்டை எடுத்து என் மகள் முன்னால் நீட்டினார். அவள் மாப்பிள்ளை விரலில் மோதிரத்தைப் போட்டாள். டூப்புக் கல் என்ன மினுக்கு மினுக்கியது தெரியுமா பாய்! பொய் சொல்லவேண்டிய வேலை இல்லாததால் இருக்கும்.

பந்தியில் அந்தம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிங்க அவ்வளவு தைரியம் வந்தது என்று கேட்டார். உங்கள் கதையை அப்போதுதான் சொன்னேன். தம்ளர், நாலு கை விதை, உங்கள் சட்டைப் பை, எல்லாவற்றையும். இலையில் சோறு ஆறும்வரை சிரித்தார். இப்போது அவர் போனில் என்னைக் கூப்பிட்டதும் கேட்கிற முதல் கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பொல்லாத கேள்வி சாகாமல் ராசிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த வருடம் மேட்டுக்காட்டில் கொடி உச்சிவரைக்கும் காய்த்திருக்கிறது. நாளைக்கு மிளகு எடுக்க உங்கள் மகன் வருகிறான். தராசு புதுசு, ஆனால் தண்ணீர் மட்டும் தம்ளரில்தான் கேட்கிறான். காலையிலிருந்து தார்ப்பாயில் குனிந்து விதையைத் தனியாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றது நீங்கள்தானே? மகன் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். மேலே என் கோணல் எழுத்தில் பெரிதாக எழுதியும் விட்டேன்: பப்பாளி விதை.