சந்தனம் பூசிய பிரேக்

மயிலாப்பூர்,
அக்டோபர் 16

சிரஞ்சீவி நிரஞ்சனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம். நீயும் ஷ்ரேயாவும் அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதற்குத் தீர்வு சொல்லி முடித்துவிடுகிறாய், பக்கத்தில் நின்று உன் அப்பா அந்தத் தீர்வைத் திருத்துகிறார், நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான்.

விஜயதசமி அன்று கார் நகராமல் நின்ற கதையை அப்பா உன்னிடம் "தானா சரியாயிடுத்துடா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். தானாக ஒன்றும் சரியாகவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் உனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். போன மார்கழியில் அப்பாவுக்கு வாயுத் தொல்லை, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள் என்று சொன்னோமே, அது வாயு இல்லை, இதயம். இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று மறைத்தோம், கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அன்று சாயங்காலம் நல்ல மழை. இவர் சோபாவில் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கிறார், ஆம்புலன்ஸ் வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், போனில் போட்ட டாக்ஸி மூன்று தடவை கான்சல் ஆயிற்று. நான் கச்சேரி ரோடு முனையில் நனைந்துகொண்டு போகிற வருகிற ஆட்டோவை எல்லாம் கை காட்டி நிறுத்தப் பார்க்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த கார் கீழே சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. சாவிகூட என் கையில்தான் இருந்தது, ஏன் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று இன்னும் தெரியவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் நிரஞ்சா.

இரண்டாவது விஷயம், ஏப்ரலிலிருந்து நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அறுபத்து நாலு வயதில். எல்.எல்.ஆர் போட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அடையாறு காந்தி நகர் தெருக்களில் ஓட்டிப் பழகினேன், பக்கத்தில் குரு ஸ்தானத்தில் உன் அப்பா. திருப்பு என்பதைத் திருப்பி முடித்த பிறகு சொல்லும் குரு. டெஸ்ட் அக்டோபர் மூன்றாம் தேதி காலை, எல்.எல்.ஆர் நாலாம் தேதியோடு காலாவதி. எனக்கு ஓட்டத் தெரிந்தது கிளட்ச் இல்லாத நம் வண்டி ஒன்றைத்தான், டெஸ்டுக்கும் அதைத்தான் கொண்டுபோக வேண்டும். இது போனால் மறுபடி முதலிலிருந்து, அதற்குள் நீ வண்டியையே விற்றுவிடுவாய். ரெண்டு வயசானவாளுக்குக் கார் எதுக்கும்மா என்று ஜூலையிலேயே போட்டோ அனுப்பச் சொன்னவன்தானே நீ. நானும் வெளிச்சம் சரியில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். ஆயுத பூஜை அன்று அப்பா வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு கீழே போனார். உன் அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பானெட், நாலு சக்கரம், இரண்டு வைப்பர், ஹார்ன், பெட்ரோல் மூடி, ஒன்றையும் விடவில்லை. உயிரைக் காப்பாற்றுகிற பாகம் பிரேக்தானே, அதை எப்படி விடுவது என்று குனிந்து பெடலுக்கும் அதற்கு மேலே கை போன இடத்துக்கெல்லாம் தாராளமாகப் பூசினார். நான் கற்பூரத் தட்டோடு நின்று பக்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. மறுநாள் விஜயதசமி, டெஸ்டுக்கு முந்தின நாள். நல்ல வேளை பார்த்துச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கோயிலுக்கு ஒரு நடை போகலாம் என்று ஏறினால், இன்ஜின் உறுமுகிறது, கியர் மட்டும் நிறுத்தி வைக்கிற 'பி'யிலிருந்து அசைய மறுக்கிறது. இழுத்தார், தட்டினார், அணைத்துப் போட்டார், சீட்டைப் பின்னால் தள்ளி இரண்டு கையாலும் இழுத்தார். எலுமிச்சம்பழம் நாலும் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தன.

அதற்கப்புறம் நிபுணர்கள் வந்தார்கள். மாடி வீட்டு ஸ்ரீகிருஷ்ணா, பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், காரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்துவிட்டு இது சாஃப்ட்வேர் பிரச்சினை என்றார். அவருக்கு எல்லாமே சாஃப்ட்வேர்தான், போன வாரம் மோட்டார் தண்ணீர் ஏற்றாதபோதும் அதையே சொன்னார். கம்பெனிக்குப் போன் செய்தால் பண்டிகை விடுமுறை, அரை மணி வீணை வாசித்துக் காட்டினார்கள். நீ வீடியோவில் வந்தாய். நான் "பின்னால விளக்கு" என்று ஆரம்பித்தேன், "அம்மா நீ கொஞ்சம் தள்ளி நில்லு, போனை அப்பாகிட்ட குடு" என்றாய். வேறு ஏதோ வண்டியைப் பற்றி ஏழு நிமிஷ வீடியோ ஒன்று அனுப்பினாய், "வித்துடலாம்ப்பா, இதெல்லாம் உங்களுக்கு வேண்டாத தலைவலி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். தள்ளித்தான் நின்றேன். அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, "சாமியே வேண்டாம்னு சொல்றார் சீதா, எதுக்கும் ஒரு வயசு இருக்கோன்னோ, விட்டுடு" என்றார். நிம்மதியாகச் சொன்னதுபோல் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பூக்கூடையை வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

நான் விளக்கு என்று சொல்ல வந்தது இதுதான். அப்பா பிரேக்கை மிதித்தால் வண்டிக்குப் பின்னால் இருக்கிற சுவர் சிவக்கும், ஆறு மாதமாகப் பார்க்கிறேன். அன்று சுவர் வெள்ளையாகவே இருந்தது. ராயப்பேட்டை மெக்கானிக் உமர் ஃபாரூக்கைக் கூப்பிட்டேன், அவர் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தார், பின்னால் பாத்திரச் சத்தம். கேட்டதுமே "பின்னால லைட்டு எரியலயா? அப்ப மேட்டர் முடிஞ்சுது, பிரேக் சுவிட்ச்சு வேலை செய்யலம்மா" என்றார். பிரேக்கை மிதித்திருக்கிறோம் என்று வண்டிக்குச் சொல்வதே அந்தச் சின்ன சுவிட்ச்தானாம், அது சொன்னால்தான் பின்விளக்கும் எரியும், கியர் பூட்டும் விடும். அவசரத்துக்கு ஒரு வழி சொன்னார். கை பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, கியர் பக்கத்தில் இருக்கிற சின்ன மூடியை நெம்பி எடுத்து உள்ளே அழுத்தினால் கியர் வந்துவிடுமாம். "ஆனா அத்த வெச்சுக்கினு ரோட்டுக்குப் போவாதீங்க, நீங்க பிரேக்கு போடறது பின்னால வர்றவனுக்குத் தெரியாது, வந்து முட்டிக்குவான். சுவிட்ச்ச இன்னான்னு பாருங்க" என்றார். மூடியை நெம்பினால் வாரண்ட்டி போய்விடும் என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மூடியை விட்டுவிட்டேன், எனக்கு வேண்டியது சுவிட்ச்தான், விளக்கு எரியாத வண்டியை டெஸ்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது.

வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, டிரைவர் பக்கக் கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டு, முட்டி இரண்டும் சிமெண்ட்டில் தேய, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பெடல் கம்பிக்கு மேலே விரல் நுனி அளவு ஒரு பட்டன். பெடலை மிதித்தால் வெளியே வர வேண்டிய அது வர முடியாமல், சுற்றிலும் கல்லாய் இறுகிப்போன சந்தனம், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு. சாமி வேண்டாம் என்று சொன்ன இடம் அதுதான்! வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி, காது குடையும் பஞ்சால் சுரண்டி, இருபது நிமிஷம். கடைசியில் டக்கென்று வெளியே வந்தது. அப்பாவை ஏறி மிதிக்கச் சொன்னேன், சுவர் சிவந்தது. அவர் இறங்கிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டார். எலுமிச்சம்பழங்களின் மேல் வண்டியை ஏற்றியது நான்தான்.

மூன்றாம் தேதி டெஸ்டில் பாஸ். போகும் வழியில் உமர் ஃபாரூக்கின் தம்பி சுவிட்சைப் பார்த்து, நல்லா இருக்கு, மாத்த வேணாம் என்று சொல்லி அனுப்பினார். லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டது, போட்டோவில் என்னைப் பார்த்தால் திருடியைப் பிடித்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆகவே வண்டியை விற்கிற பேச்சை எடுக்காதே. உனக்கு அது வேண்டாத தலைவலியாக இருக்கலாம், எனக்கு அது இவருடைய உயிர்.

நேற்று அடையாறில் அப்பாவுக்குச் செக்கப், நான்தான் அழைத்துப் போனேன். போகும்போது தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார், பஸ் வருது, மாடு வருது என்று ஒரே ஒலிபரப்பு. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பாலம் ஏறியதும் சத்தத்தையே காணோம், பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். இன்னொருத்தர் ஓட்டுகிற வண்டியில் இந்த மனிதர் கண்ணை மூடி நாற்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து, கீழே நிறுத்தி, எழுப்ப மனமில்லாமல் அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கும் நாற்பது ஆகப் போகிறது, ஒரு தடவை ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்துகொண்டு ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு, வாயு என்று என்னிடம் கதை விடாதே, அந்தக் கதை எங்களுடையது. ஷ்ரேயாவுக்கும் என் ஆசிகள். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க கபாலி துணை.

இப்படிக்கு,
உன் அம்மா
சீதா