பார்க்காத இரண்டாம் பாதி

நவம்பர் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. ஆபீஸ் தெருவில் கால்வாய் நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. நாள் முழுக்க ஈரக் காலுறை. தீபாவளி முறுக்கு இன்னும் மேஜைக்கு மேஜை சுற்றுகிறது. யாருக்கும் வேண்டாம், தூக்கிப்போடவும் மனசில்லை.

பார்க்கிங் ஆப் மறுபடி என்னை வெளியே தள்ளிவிட்டது. பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். தப்பு என்றது. புதுசு வைத்தால் ‘இது ஏற்கெனவே பயன்படுத்தியது’ என்கிறது. முன்பு சில்லறை போடும் மெஷின் இருந்தபோது ஒரு உதையாவது விடலாம்.

சாயங்காலம் ஏழு மணிக் காட்சிக்குத் தனியாகப் போனேன், வீட்டில் கமலாவுக்குத் தலைவலி. நம்ம ஊர்ப் பையன்கள் எடுத்த தமிழ்ப் படம். அரங்கில் என்னோடு சேர்த்து ஏழு பேர்.

குறைகள்:
- கதாநாயகன் லாரி ஓட்டுகிறான். ஓட்டாத நேரமெல்லாம் வானத்தைப் பார்க்கிறான்.
- கதை நடக்கிற பட்டர்வொர்த்தில் யார் இப்படி மெட்ராஸ் தமிழ் பேசுகிறார்கள்?
- தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தை டிரோனில் நாலு தடவை. நாம் தினமும் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.
- பேச்சு கேட்கவில்லை, இசை காதைக் கிழிக்கிறது.

‘இடைவேளை’ என்று எழுத்து வந்தது. இங்கே விளக்குப் போடுவதில்லை, படம் அப்படியே ஓடும். நான் எழுந்துவிட்டேன். மழையில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் வரிசை குறைவாக இருக்கும் என்று ஒரு கணக்கு. குறைவாகத்தான் இருந்தது. வெண்டைக்காய், கோழி, கட்டி வாங்கிக்கொண்டேன்.

காடியில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபடியே நம் ‘சனிக்கிழமை டீ’ குரூப்புக்கு வழக்கம்போல வாய்ஸ் நோட். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. “டேய், மொத பாதி தூக்கம். ரெண்டாவது பாதி அதவிட மோசம் லா. வீட்டுலயே படுத்துத் தூங்குங்க, மேல சுத்துற காத்தாடியாவது நமக்குச் சொந்தம்.” நாதனிடமிருந்து உடனே சிரிப்புப் பொம்மைகள், ஒரு வரிசை.

நவம்பர் 13, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம்.

என் குரல் எனக்கே திரும்பி வந்தது. காலையில் செபராங் ஜெயாவில் இருக்கும் கமலாவின் தம்பி அனுப்பினான். மதியம் பழைய பள்ளி குரூப்பில். மேலே ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்று இரட்டை அம்பு. உண்மையைச் சொன்னால் பெருமையாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கரண்டி அதிகம்.

ஃபிளாட்டுக்கு நம் தொகுதி ஒய்.பி. வந்துபோனாராம். கீழே புது பெஞ்சு, அதில் அவர் உட்கார்ந்து படம். லிஃப்ட் தீபாவளிக்கு முன்னாலிருந்தே படுத்துக்கிடக்கிறது. படியில் இரண்டு அம்மாக்கள் மூச்சு வாங்கிக்கொண்டு:

“லிஃப்ட்டு எப்பங்க செய்வீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கீங்களாம்மாங்குறாரு.”

“நீ என்னா சொன்ன?”

“நல்லா இருக்கோம்னுதான் சொன்னேன். பின்ன, என்னாத்த சொல்றது?”

எந்தக் கட்சி வந்தாலும் குடை பிடிக்கிற ஆள் மட்டும் மாறுவதில்லை. கவனித்து வருகிறேன்.

பரமேஸ் அக்கா இன்று லீவு. எனக்கு எதிர் மேஜை, சுங்கத்துக்கு நிரப்பி அனுப்பும் பாரங்களெல்லாம் அவர் கையில். ஐம்பத்தெட்டு வயது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ், பிறகு ஃபெரி, தினமும். பதினாலு வருஷத்தில், மார்ச்சில் போட்ட நாலு நாளைத் தவிர, லீவே போடாதவர். எதிரே ஆளில்லாமல் ஒரு மாதிரி இருந்தது. இந்த வருஷ ஆரம்பத்தில் கொஞ்ச நாள் ஃபைல் அடுக்கிக்கொண்டே தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்தவன் நான்தான்.

நவம்பர் 14, சனி

டீக்கடையில் மேஜைக்கு மேஜை கியூ.ஆர். ஒட்டிவிட்டார்கள். கடைக்காரர் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். போனில் டீ கேட்டு, அவர் போனில் பார்த்து, கொண்டு வந்து வைக்கிறார். நடுவில் பேச்சு இல்லை. இதற்குப் பெயர் முன்னேற்றம்.

நாதன் அந்தப் படத்தின் போஸ்டரைப் போனில் காட்டினான். கதாநாயகன் தலைக்குப் பின்னால் சின்னச் சின்ன முகங்கள். ஒன்றைப் பெரிதாக்கினான்.

“சேகரு, இது ஒன் ஆபீஸ் அக்காதானே?”

வெள்ளைப் புடவையில் அம்மா வேஷம், கண்ணாடி இல்லை. பரமேஸ் அக்காதான். மார்ச்சில் நாலு நாள் ‘சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்’ என்று போனாரே, அது இதுதான். ஒருவரிடமும் சொல்லவில்லை. வந்த பிறகு ஆச்சரியப்படட்டும் என்று இருந்திருப்பார்.

“அக்கா எப்பிடி பண்ணிருக்கு?” என்றான்.

“ரெண்டாவது பாதில வருது. பரவால்ல.”

வாயிலிருந்து தானாக வந்தது. டீ ஆறிவிட்டது, குடிக்கவில்லை.

நவம்பர் 15, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலை, அந்த வாய்ஸ் நோட்டை அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதாம், என் போனில் மட்டும்தான் அழியும். மற்றவர்கள் அனுப்பியதை எதுவும் செய்ய முடியாது. அழித்தேன். இப்போது அது இல்லாத ஒரே போன் என்னுடையது.

கமலாவோடு தண்ணீர்மலை முருகன் கோயில். பாதிப் படியில் ஒரு தம்பி, மனைவியோடு. நான் கமலாவிடம் ‘மெதுவா ஏறு’ என்று சொன்னது காதில் விழுந்து திரும்பினான்.

“அண்ணே, நீங்கதானே அந்த வாய்ஸ் நோட்டு? கொரல் கேட்டதும் தெரிஞ்சிருச்சு. நாங்க பத்துப் பேரு போவலாம்னு இருந்தோம், நிறுத்திட்டோம். நல்ல வேளண்ணே!”

கையை வேறு பிடித்துக் குலுக்கினான். முருகா.

இறங்கும்போது கமலா கேட்டாள்.

“ஏழு மணி ஷோ. எட்டே முக்காலுக்கெல்லாம் பொட்டலத்தோட வீட்டுல நின்னீங்க. ரெண்டாவது பாதிய எப்பங்க பாத்தீங்க?”

மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றேன். வரவில்லை.

பயமாக இருக்கிறது. யாரிடம் என்று கேட்டால், கண்ணாடி போட்ட ஒரு அக்காவிடம். நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

நவம்பர் 16, திங்கள்

அக்கா எனக்கு முன்னால் வந்துவிட்டார். வழக்கம்போல் “சாப்ட்டீங்களா தம்பி”. வழக்கம்போல் பாரங்கள். என் வாய்ஸ் நோட்டைக் கேட்டிருப்பாரா? கேட்காமல் எப்படி? அக்கரை குரூப்பிலெல்லாம் சுற்றியிருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை. கேட்கவில்லை.

பத்து மணிக்கு என்னால் முடியவில்லை. முந்திக்கொண்டேன்.

“அக்கா, படம் பாத்தேன். நடிச்சத சொல்லவே இல்ல பாத்தீங்களா? படம் எப்பிடியோ போவட்டும், ஒங்க சீன்தாங்க்கா படத்துலயே நல்ல சீன்.”

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அப்பிடியா தம்பி? எந்த எடம்?”

“அதான், அந்த அழுவுற எடம். எனக்கே கண்ணு கலங்கிருச்சு.”

நம் படத்தில் அம்மா என்று ஒருவர் வந்தால் அழாமலா போவார்? அந்தத் துணிச்சல்.

“ம்” என்றார். முத்திரையை எடுத்து அடுத்த பாரத்தில் குத்தினார். தப்பித்தேன் என்று நினைத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ‘வரேன் தம்பி’ சொல்லாமல் போனார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

நவம்பர் 17, செவ்வாய்

பேச்சு இல்லை. வேலை விஷயம் மட்டும், அதுவும் துண்டுச் சீட்டில். மேஜைக்கும் மேஜைக்கும் நாலடி.

ஆபீஸில் புது சிஸ்டம் பயிற்சி. ஒரு பையன் வந்து கம்ப்யூட்டரே இனி கடிதத்துக்குப் பதில் எழுதும் என்றான். படிக்காமலேயே பதில் எழுதுமா என்று யாரோ கேட்டார்கள். சுருக்கத்தை வைத்தே எழுதிவிடுமாம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தைத் தேடினேன். தீவில் எல்லா அரங்கிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். தீபாவளிக்கு வந்த பெரிய படத்துக்கே எல்லா அரங்கும். அக்கரையில் ஒரே இடம், செபராங் ஜெயா, நாளை மாலை நாலரை. அதோடு சரி, வியாழக்கிழமை புதுப் படங்கள். என்னால்தான் போனதா? ஒரு வாய்ஸ் நோட்டால் ஒரு படம் போகுமா? நாதனைக் கேட்டேன். “உள்ளூர் படம் எப்பவும் இப்பிடித்தான் லா, விடுறா” என்றான். விட முடியவில்லை. தண்ணீர்மலைப் பத்துப் பேர் என் கணக்கில்தானே.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை.

நவம்பர் 18, புதன்

வெயில். ஃபெரியில் இப்போது காடி ஏற்றுவதில்லை, நடந்து ஏறினேன். ஏ.சி. குளிர், வரிசையாக நாற்காலி, எல்லாருடைய தலையும் போனில். அக்கா தினமும் இரண்டு தடவை இதில்தான் உட்கார்ந்து போகிறார். அங்கிருந்து டாக்சி.

அரங்கில் நான், ஒரு காதல் ஜோடி, கடைசி வரிசையில் தூங்குகிற ஒருவர்.

முதல் பாதி இரண்டாவது தடவையும் மோசம். அதில் மாற்றமில்லை.

இரண்டாம் பாதி மோசமில்லை. எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் மோசமில்லை. வானத்தைப் பார்க்கிறவன் ஒரு சண்டையில் மாட்டி ஜெயிலுக்குப் போகிறான். அங்கிருந்து படம் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக நடக்கிறது. டிரோன் இல்லை. நெஞ்சைப் பிடித்தது ஓரிரண்டு இடம்.

அக்காவுக்காகக் காத்திருந்தேன். கோர்ட்டில் வருவார் என்று பார்த்தேன். ஜெயிலுக்குப் பார்க்க வருவார் என்று பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டில் தட்டு எடுத்துக்கொண்டு ஒருவர் குறுக்கே போனார், வெள்ளைப் புடவை, முதுகு மட்டும். அவ்வளவுதான். ஜெயிலிலிருந்து வந்தவன் கதவைத் தட்டுகிறான், கதவு திறக்கிறது, உடனே வேறு காட்சி. படம் முடிந்தது.

அழுகிற இடம் இல்லை. அக்காவே இல்லை. வெட்டிவிட்டார்கள்.

எழுத்து ஓடியது. நாயகனின் தாய் – பரமேஸ்வரி. பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ‘எந்த எடம்?’ என்று அவர் கேட்டபோது அவருக்குத் தெரியும். நான் கண் கலங்கியதாகச் சொன்னபோதும் தெரியும்.

துடைப்பத்தோடு ஒரு பெண் உள்ளே வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கன்னம் சுட்டது. யாரும் பார்க்காதபோதும் அவமானம் இப்படிச் சுடும் என்று தெரியாது.

நவம்பர் 19, வியாழன்

மறுபடி மழை. ஆபீஸ் போகவில்லை, காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. இன்னொரு பொய், கணக்கில் சேர்க்க.

வாய்ஸ் நோட் பேசினேன். ஐந்து தடவை அழித்து ஆறாவது. முப்பது விநாடி. “போன வாரம் நான் சொன்னது பாதி பொய். பாதியில எழுந்து போயிட்டேன், ரெண்டாவது பாதிய பாக்காமலே மோசம்னு சொன்னேன். நேத்து பாத்தேன். நல்லா இருக்கு. மன்னிச்சிருங்க.” முதலாவதை வாங்கிய எல்லா குரூப்புக்கும் போட்டேன்.

நாதன்: கட்டை விரல்.
கமலாவின் தம்பி: ‘ஓகே மாமா’.
மற்றவர்கள்: நீலக் குறி மட்டும்.

சாயங்காலம் வரை பார்த்தேன். இரட்டை அம்பு வரவில்லை. இதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

கமலா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். “காச்ச இல்லன்னு தெரியும், குடிங்க” என்றாள்.

நவம்பர் 20, வெள்ளி

தூறல். மூன்று மணிக்கு ஆபீஸ் சமையலறையில் அக்கா மட்டும், மைலோ கலக்கிக்கொண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

“அக்கா, திங்கக்கெழம நான் சொன்னது பொய். அப்ப நான் பாதிதான் பாத்திருந்தேன். புதன்கெழம போயி முழுசா பாத்தேன்.”

கலக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும் தம்பி. மொத நாளு நாங்க பதினோரு பேரு போனோம். என் பேரப்புள்ளைங்க, தங்கச்சி குடும்பம், பக்கத்து வீட்டம்மா. எல்லாம் நான் வருவேன் வருவேன்னு கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தாங்க. மறுநா ஆபீஸுக்கு வர முடியல.”

“டைரக்டர் முன்கூட்டியே சொல்லலையாக்கா?”

“அந்தத் தம்பி ராத்திரி போன் பண்ணி அழுதுச்சு. படம் நீளமா போச்சாம். அது அழுதுச்சு பாருங்க, அதோட சரியாப் போச்சு எனக்கு. நீங்கதான்...” ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தார். “படம் நல்லால்லன்னு சொன்னீங்க, அது ஒங்க இஷ்டம். பாத்தேன், கண்ணு கலங்கிருச்சுன்னீங்களே. அதான் தாங்கல.”

மன்னிச்சிருங்கக்கா என்றேன். மைலோவை ஒரு வாய் குடித்தார்.

“அதுல நான் அழுவவே இல்ல தெரியுமா?” என்றார்.

கண்ணாடியைக் கழற்றி மைலோ டின்மேல் வைத்தார். கதவைப் பார்த்து நின்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன், நகரத் தோன்றவில்லை.

“வந்துட்டியா.”

என்னைத் தாண்டி யாரையோ பார்க்கிற மாதிரி, என்னையே பார்த்து.

“செருப்ப வெளியவே விடு. எளச்சுப் போயிட்ட. போ, போயி குளி. சோறு சூடாருக்கு.”

அவ்வளவுதான் வசனம். வருஷ ஆரம்பத்தில் ஃபைல் அடுக்கிக்கொண்டே முணுமுணுத்தது இதைத்தான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மைலோ மக்கைக் கழுவினார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இப்ப சொல்லுங்க தம்பி. எப்பிடி இருந்துச்சு?”

அப்போது மணி மூன்றேகால். இப்போது ஏழு. இன்னும் பதில் சொல்லவில்லை.